30 விநாடிக் கடல்

மும்பை ஹாஜி அலி கரையில் கேமராவைத் திறந்து வைத்தால் அலை மறைகிறது. கூடவே மனிதர்களும் மறைகிறார்கள்.

தண்ணீர் வடிந்து அதிக நேரமாகவில்லை. சிமெண்ட் பாதை இன்னும் ஈரமாகவே கிடக்கிறது. அதற்குள் கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. தலையில் முக்காடிட்ட பெண்கள், பூத்தட்டு ஏந்திய ஆண்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் குழந்தைகள். கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கும் ஹாஜி அலி தர்காவுக்கு இது ஒன்றுதான் வழி. கடல் நன்றாக ஏறினால் பாதை மூழ்கும், இறங்கினால் திறக்கும். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் இங்கே படம் எடுக்க வருபவர் கேமராவைத் துடைப்பதற்கு முன்பு கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

நான் வந்தது ஒரு குறிப்பிட்ட படத்துக்காக. காலண்டர்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பால் ஊற்றியது போன்ற கடல், அதன் நடுவே அசையாத ஒரு பாறை அல்லது கோபுரம். மாயம் எதுவுமில்லை. ஷட்டர் ஒரு விநாடியில் 250-ல் ஒரு பங்கு நேரம் திறந்தால் அலை உறைந்து நிற்கும். 30 விநாடி திறந்திருந்தால் வந்துபோகும் அலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பதிந்து, மேடும் பள்ளமும் கரைந்து, நுரை வெறும் பனிமூட்டமாகிவிடும்.

பகல் வெளிச்சத்தில் 30 விநாடி திறந்தால் படம் வெளுத்துப்போகும். அதற்காகவே லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. 10 ஸ்டாப் ஃபில்டர் என்பார்கள். வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். விநாடியில் 30-ல் ஒரு பங்கு போதும் என்ற காட்சிக்கு இப்போது 30 விநாடிக்கும் சற்று அதிகம் வேண்டும். கண்ணாடியைப் போட்டபின் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. எனவே ஃபோகஸை முதலிலேயே சரிசெய்துகொண்டு, அதை அசையாமல் பூட்டிவிட வேண்டும். வியூஃபைண்டரையும் மூடுவது நல்லது. பின்வழியாகவும் வெளிச்சம் நுழையும்.

இவ்வளவு தெரிந்தும் என் முதல் படம் பாழானது. முக்காலியின் ஒரு கால் மணலில் இருந்தது. திரும்பிப் போகும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டே போகும் என்பதை எந்தக் கடற்கரையிலும் வெறுங்காலோடு நின்றவர் அறிவார். நான் மறந்துவிட்டேன். 30 விநாடியில் தர்காவின் கோபுரம் இரண்டாகியிருந்தது. முக்காலியை மொத்தமாகப் பாறைக்கு மாற்றி, பையைக் கீழே கட்டித் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன்.

இந்த முறை படம் பிசகவில்லை. வெள்ளைக் குவிமாடம் துல்லியம். கடல் பால். பாதை மட்டும் காலி.

என் கண்ணெதிரே பாதை நிறைய ஜனங்கள். படத்தில் அவர்கள் இருந்த இடத்தில் லேசான சாம்பல் புகை. நடந்தவர் யாரும் ஒரே இடத்தில் நிற்காததால் யாரும் பதியவில்லை. பதிந்தவர்கள் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டுமே: கையேந்தும் நாலைந்து பேர், அவர்களுக்குப் போடுவதற்காக யாத்ரீகர்களின் நோட்டுகளுக்குச் சில்லறை மாற்றித் தரும் ஒரு பெரியவர்.

புகைப்படக் கலை பிறந்தபோதே இது நடந்திருக்கிறது. 1838-ல் தாகேர் பாரீஸின் ஒரு பரபரப்பான வீதியைப் படமெடுத்தார். பல நிமிடங்கள் திறந்திருந்த கேமராவில் வண்டிகளும் பாதசாரிகளும் காணாமல் போனார்கள். பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர்தான் தெளிவாகப் பதிந்தார். அன்றைய கேமராவுக்கு வேகம் போதாது, அலையை நிறுத்த அவர்கள் திண்டாடினார்கள். நாமோ காசு கொடுத்துக் கறுப்புக் கண்ணாடி வாங்கி அலையை அழிக்கிறோம்.

சில்லறைப் பெரியவர் படத்தைக் காட்டச் சொன்னார். திரையில் தன்னைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்தது. பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"ஜனங்கள் எங்கே, சாப்?"

நடந்துகொண்டிருந்ததால் விழவில்லை என்றேன். அவர் இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"அப்படியென்றால் இன்று தர்காவுக்கு யாருமே வரவில்லை என்றல்லவா ஆகிறது?"

பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஏனென்றால் இந்தக் கரையில் அது வெறும் படக் கேள்வி இல்லை. 2018-ல் வேலை தொடங்கி, 2024 மார்ச் முதல் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட கடலோரச் சாலை இந்த வளைகுடாவின் விளிம்பையே மாற்றிவிட்டது. முன்பு அலையடித்த இடத்தில் இன்று கார்கள் ஓடுகின்றன. வடக்கே வொர்லி கோலிவாடாவின் மீனவர்கள், தங்கள் படகுகள் கடலுக்குப் போகும் வழியில் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் போதாது என்று போராடி, அதை 120 மீட்டராக உயர்த்தவைத்தார்கள். அங்கே போய் 30 விநாடி திறந்து எடுத்தால் தூண்கள் கூர்மையாக விழும். அவற்றுக்கிடையே போகும் படகு ஒரு கீற்றாகத் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம். அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவர், இந்தக் கடலை யாரும் பயன்படுத்தவில்லை என்றே நினைப்பார்.

இதற்காகக் கறுப்புக் கண்ணாடியைக் கடலில் எறிய வேண்டியதில்லை. நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே அது தரும் அமைதி உண்மையிலேயே அழகானது. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. முக்காலியை நகர்த்தாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அரை விநாடியில் இன்னொன்று எடுங்கள். பின்வாங்கும் அலை பாறையில் வெள்ளைக் கோடுகளாக விழும். நடப்பவர்கள் கலங்கலாகவாவது இருப்பார்கள்.

போக விரும்புபவர்களுக்கு: புறநகர் ரயிலில் மகாலட்சுமியில் இறங்குவது வசதி. மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும், அலைகளும் மூர்க்கமாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. வீடு திரும்பியதும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு மன்னிக்காது.

கடல் மறுபடி ஏறத் தொடங்கியபோது பெரியவர் நாணயங்களைத் துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அரை விநாடிப் படத்தை அவரிடம் காட்டினேன். முகங்கள் தெரியவில்லை. ஆனால் பூத்தட்டுகள், முக்காடுகள், ஒரு குழந்தையின் சிவப்புச் சட்டை, எல்லாம் இருந்தன.

"இதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கரைக்கு நடந்தார்.