வடைச்சட்டி எண்ணெயும் டீசல் வண்டியும்

சமையல் எண்ணெயில் டீசல் கார் ஓடும் என்று பேசுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படி ஓடிய வண்டியைப் பிரித்து, உள்ளே என்ன ஆயிற்று என்று கையில் எடுத்துப் பார்த்தவர்கள் டீசல் பம்ப் பட்டறைக்காரர்கள். அவர்களில் ஒருவரைத் தேடித்தான் பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்துக்குப் போனேன்.

பட்டறையின் முன்பக்கம் வழக்கமான எண்ணெய்க் கறுப்பு. பின்னால் கண்ணாடி அடைத்த சின்ன அறை. அங்கே செருப்போடு நுழையக் கூடாது, மின்விசிறியும் போடமாட்டார்கள். பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஒரு தூசு புகுந்தால் கோடு விழுந்துவிடும். அந்த இடுக்கில் தனியாக மசகு போட வழி கிடையாது, ஓடுகிற டீசலேதான் மசகு. அதனால் டேங்கில் எதை ஊற்றினாலும் முதலில் அடி வாங்குவது இந்த அறைக்கு வருகிற சாமான்கள்தான்.

பட்டறையின் மூத்த மெக்கானிக் சிறுவனாக இந்த வேலைக்கு வந்தவர். பம்பை இன்றும் ‘மைக்கோ பம்ப்’ என்றே சொல்கிறார். 1951இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி (மைக்கோ) 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது பட்டறைகளை இன்னும் எட்டவில்லை. ஒரு நாசிலை டெஸ்டரில் மாட்டி நெம்புகோலை அழுத்தினார். ஊசிமுனைத் துளைகளிலிருந்து புகைபோல எரிபொருள் பீய்ச்சியது. அடுத்து இன்னொன்று. பலகாரக் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் ஜீப்பில் பொரித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டியிருக்கிறார். அதிலிருந்து கழற்றிய நாசில் அது. முனையில் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. அழுத்தினால் பீய்ச்சவில்லை, சொட்டியது.

“ஓடாதுன்னு நான் சொல்லமாட்டேன் சார். ஓடும். மொத மாசம் நல்லாவே ஓடும். அப்புறம்தான் என்கிட்ட வருவாங்க.”

அவர் சொல்வதற்கு அறிவியல் விளக்கம் எளிது. 40 டிகிரி சூட்டில் தாவர எண்ணெய் டீசலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. அது மென்துளியாகச் சிதறாது. சிதறாதது முழுக்க எரியாது. எரியாத மிச்சம் நாசிலில் கரியாகப் படிகிறது, பிஸ்டன் ஓரமாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்து அதைக் கூழாக்குகிறது. பழைய ஜீப், அம்பாசடர் போன்ற வண்டிகள் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்யும் இன்றைய காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் தாங்காது. மாற்றப் போனால் விலை வயிற்றைக் கலக்கும்.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியதை இதற்கு எதிராகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது மெதுவாகச் சுற்றும் கனத்த இன்ஜின். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி சீனிவாசா கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயைக் கொண்டு ஜெனரேட்டர்களை ஓட்டிக் காட்டினார். நான் மிகவும் மதிக்கும் முயற்சி அது. ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடுவது. பூந்தமல்லி நெரிசலில் நின்று நின்று நகரும் காரின் பாடு வேறு.

அந்தக் கெட்டித்தன்மையைப் போக்கும் வழி 1937இலேயே கிடைத்துவிட்டது. பெல்ஜியத்தின் ஷவான் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ்–லூவன் தடத்தில் பேருந்து ஒன்று பாமாயிலிலிருந்து செய்த எரிபொருளில் ஓடியது. இன்றைய செய்முறை இது: நூறு லிட்டர் எண்ணெய்க்கு இருபது லிட்டர் அளவில் மெத்தனால், கொஞ்சம் காரம், அறுபது டிகிரி சூடு. கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கினால் பயோடீசல். பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும். அதை முன்கூட்டியே அளந்து சரிசெய்யாவிட்டால் பாத்திரம் முழுக்கச் சோப்புதான் மிஞ்சும்.

இதை வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால். உரிமமும் பயிற்சியும் உள்ள ஆலைக்குள் மட்டுமே இருக்க வேண்டிய பொருள் அது.

பட்டறையிலிருந்து கிளம்பி, பழைய எண்ணெய் சேகரிக்கும் ஓர் இளைஞரோடு மினி லாரியில் கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கம் சுற்றினேன். ஓட்டல் பின்கட்டில் டின்னை நிறுக்கிறார், மாதிரி எடுத்துப் பார்க்கிறார், தண்ணீர் கலந்திருந்தால் திருப்பிவிடுகிறார். வேலை இரவில்தான், அடுப்பு அணைந்த பிறகு. கையெல்லாம் பிசுக்கு, எவ்வளவு கழுவினாலும் வாடை போவதில்லை என்றார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறுத்தியது. “எங்களவிட ரெண்டு ரூபா கூடக் குடுத்து வாங்கிட்டுப் போறாங்கண்ணே. அவங்க டீசலுக்கு எடுக்கல.” அந்த எண்ணெய் மறுநாள் ஏதோ ஒரு சட்டியில் மீண்டும் கொதிக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொதிக்கக் கொதிக்க எண்ணெயில் கூடும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது நாட்டின் இலக்கு, இன்றைய கலப்போ ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மூலப்பொருள் நம் தெருவிலேயே இருக்கிறது. அது கைமாறும் இடத்தில்தான் கண்காணிப்பு போதாது. விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, சின்னக் கடைகளிலும் எடுக்க ஏற்பாடு செய்தாலே பெரும்பகுதி சரியான இடத்துக்கு வந்து சேரும் என்பது என் எண்ணம்.

பம்ப் பட்டறைகளுக்கும் இந்தப் பயோடீசல் கலப்பு தேவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது, வேலை கற்க வரும் பையன்களும் குறைந்துவிட்டார்கள். ஆனால் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாம் இன்னும் பல்லாண்டு ஓடும். கலப்பு எரிபொருள் எந்த இன்ஜினை என்ன செய்கிறது என்று கண்டு சொல்லக்கூடிய கைகள் இவர்களுடையவை. சோதனை நடத்துபவர்கள் இவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பொரித்து முடித்த எண்ணெயை, அது எங்கே போகிறது என்று எழுதிக் கொடுப்பவரிடம் மட்டும் கொடுங்கள். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அதை நேராக டேங்கில் ஊற்றாதீர்கள்.