படம் எடுக்காத பாம்புகள்

தமிழ்நாட்டில் ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள பாம்புகளில் நான்கே முக்கியமானவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடல்பாம்புகளையும் மலைக்காட்டுக் குழிவிரியன்களையும் தள்ளிவிட்டால், பாம்புக்கடி மரணங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கின் கணக்கில்தான் சேரும். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் நான்கும் உண்டு. நிலம் அவற்றுக்குத் தோதானது. ஒரு பக்கம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும், மறுபக்கம் ஆந்திர எல்லைக் காடுகள், நடுவே வறண்டு கிடக்கும் பாலாறு. மிச்ச இடமெல்லாம் பாறைக் குன்றுகள், சீமைக் கருவேலம் மண்டிய ஏரிக்கரைகள், நிலக்கடலைக் கொல்லைகள், நெல்வயல்கள், தென்னந்தோப்புகள். எலிக்குப் பஞ்சமில்லாத ஊரில் பாம்புக்கும் பஞ்சமில்லை.

நான்கில் அதிக உயிரை வாங்குவது கண்ணாடி விரியன். தடித்த உடம்பு, முக்கோணத் தலை, முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தாற்போல் கரும்பழுப்பு வட்டங்கள். விவரம் தெரியாதவர்கள் மலைப்பாம்புக் குட்டி என்று கிட்டே போவதுண்டு. காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடக்கும். ஆள் வருவது தெரிந்தாலும் சட்டென்று விலகிப் போகாது. முட்டையிடாமல் குட்டி போடும் இனம் இது; ஓர் ஈற்றில் 20 முதல் 40 குட்டிகள் வரை பிறக்கும், பிறந்த அன்றே ஒவ்வொன்றிடமும் நஞ்சு இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆய்வாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி வெளியிட்ட பெரிய படநூலில் இதை விவரித்தார். உலக அறிவியல் இன்றும் இதை அவர் பெயரால்தான் அழைக்கிறது.

இதன் நஞ்சு இரத்தத்தைத் தாக்கும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை உடம்புக்குள்ளேயே செலவழித்துத் தீர்த்துவிடும். பிறகு ஈறிலிருந்தும் ஊசி குத்திய இடத்திலிருந்தும் இரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதே பாம்பு கடித்தவருக்குக் கண்ணிமை தொங்குவதும் உண்டு. இந்த நஞ்சு ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடிபட்டவரின் இரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்திருந்தால் அப்போதைக்கு நிம்மதி. ஆனாலும் சில மணி நேரத்துக்கு மறுபடி மறுபடி பார்த்தாக வேண்டும். தண்ணீர்போல் ஓடினால் விரியன் நஞ்சு. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலும் நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றிவிடும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது இது. இதற்கு இணையான எளிய சோதனை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

கட்டுவிரியன் வேறு வகை. பளபளக்கும் கருமை, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் மந்தமாகச் சுருண்டு கிடக்கும் இது, இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். பல் சிறியது, வலி அவ்வளவாக இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுபவருக்கு அஜீரணம் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துப் பொழுதைக் கடத்திவிடுவார்கள். அதற்குள் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு அடங்கிவிடும். நரம்பு முனையை இந்த நஞ்சு சிதைத்துவிட்ட பிறகு மருந்து கொடுத்தாலும் பெரிய பலன் இல்லை. நாள்கணக்கில் செயற்கை சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். காற்றில்லாத வேலூர்க் கோடையில் வாசலிலும் மாடியிலும் படுப்பதைத் தடுக்க முடியாது. ஆனால் கட்டிலில் படுக்கலாம். பாயில்தான் என்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளலாம். கொசுவலை பாம்பையும் தடுக்கிறது என்பது நேபாளத்தில் ஆராய்ந்து உறுதியான விஷயம்.

சுருட்டை விரியன் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் அடங்கும். கல்லும் முள்ளுமான வறண்ட நிலம் இதன் இடம். உடம்பை வளைத்துப் பக்கச் செதில்களை உரசிக் கரகரவென்று ஒலி எழுப்பும். சிறியது என்ற அலட்சியமே இதில் ஆபத்து. இதன் நஞ்சும் இரத்தத்தை உறையவிடாது.

மிச்சமிருப்பது நல்ல பாம்பு. கோயில், கதை, நேர்த்திக்கடன், சினிமா எல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். சிவன் கழுத்தில் இது. திருமாலுக்குக் குடை பிடிப்பதும் இதன் படமே. ஆம்பூரில் நாகநாத சுவாமிக்குக் கோயில் உண்டு. அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் மேடைகளில் பின்னிப் பிணைந்த நாகக்கற்கள் மஞ்சள் பூசி நிற்கும். ஆடி வெள்ளியில் புற்றில் பால் ஊற்றி முட்டை வைப்பார்கள். புற்றைக் கட்டியது கரையான். உள்ளே வெப்பமும் ஈரமும் சீராக இருப்பதால் பாம்பு குடிவருகிறது. பால் பாம்பின் உணவே அல்ல. என்றாலும், புற்றை இடிக்கக் கூடாது என்ற பயம் பல பாம்புகளைக் காத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய எகிப்திலும் இதே கதைதான். பாரோ மன்னர்களின் மகுடத்தில் நெற்றிக்கு மேலே நிமிர்ந்து நிற்பது படமெடுத்த நாகம். அதே பாலைவனத்தில் மணலுக்குள் புதைந்திருந்து கடிக்கும் கொம்பு விரியனுக்கு மகுடம் கிடைக்கவில்லை. அவர்களுடைய சித்திர எழுத்தில் ஓர் எழுத்தாக இடம் கிடைத்தது, அவ்வளவே. நிமிர்ந்து, படம் விரித்து, எச்சரித்துவிட்டுக் கடிப்பது எதுவோ அதையே மனிதன் கும்பிட்டான். சருகில் கிடப்பதற்கும் இருட்டில் ஊர்வதற்கும் கோயில் கட்டவில்லை. இந்தியாவில் பாம்புக்கடி இறப்புகளை ஆராய்ந்தவர்கள் தரும் வரிசையில் கண்ணாடி விரியன் முதலிலும் கட்டுவிரியன் அடுத்தும் வருகின்றன. நல்ல பாம்பு அவற்றுக்குப் பின்னால்தான்.

பக்தி ஒரே பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வைத்தியம் எல்லாவற்றையும் பார்த்தது. சுசுருத சம்ஹிதை நஞ்சுள்ள பாம்புகளைப் படமெடுப்பவை, வட்டப் புள்ளி உள்ளவை, கோடு உள்ளவை என்று பிரித்து, ஒவ்வொன்றின் கடிக்கும் தனித்தனிக் குறி சொல்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் மூன்றும் அப்படியே இந்தப் பிரிவுகளில் பொருந்தும். அலெக்சாந்தரின் கிரேக்க வைத்தியர்களுக்கு இந்தியப் பாம்புக்கடிக்கு மருந்து தெரியவில்லை. அதனால் உள்ளூர் வைத்தியர்களைக் கூடாரத்தில் வைத்துக்கொண்டு, கடிபட்டவர்கள் அங்கே வரவேண்டும் என்று அவர் அறிவித்ததாகத் தளபதி நியார்க்கஸ் எழுதியதை வரலாற்றாசிரியர் அர்ரியன் பதிவு செய்திருக்கிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்திலும் இரண்டு கடிகள் உண்டு. திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் வாழையிலை அரியப் போனபோது பாம்பு தீண்டியது. மயிலாப்பூரில் பூம்பாவை பூக்கொய்யப் போனபோது. இரண்டு பேரும் பதிகத்தால் மீண்டது பக்திக் கதை. இலை அரியும்போதும் பூப்பறிக்கும்போதும் கடித்தது என்பது, பாம்புக்கடி வேலை செய்பவருக்கே நேர்கிறது என்று சேக்கிழாருக்குத் தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.

கிராமத்து விஷக்கடி வைத்தியர் சிறியாநங்கை இலையை மெல்லக் கொடுப்பார். கசந்தால் விஷம் இல்லை, கசக்காவிட்டால் ஏறிவிட்டது என்பது கணக்கு. வேப்பிலை அடித்து மந்திரிப்பதும் உண்டு. பிழைப்பவர்கள் பலர்தான். கடிப்பதில் பெரும்பகுதி நஞ்சில்லாத பாம்பு; நஞ்சுள்ளதும் சில வேளைகளில் நஞ்சை இறக்காமல் கடிக்கும். அந்தப் புண்ணியம் மந்திரத்தின் கணக்கில் ஏறுகிறது. உண்மையான விரியன் கடி வந்து இரண்டு மணி நேரம் அங்கே கழிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிறுநீரகப் பிரிவில் டயாலிசிஸில் கிடப்பவர்களே சாட்சி.

மந்திரத்தை விட்டு மருந்துக்கு வந்தால், அதற்குப் பின்னால் தோல் தொழிலுக்கும் பாம்புக்கும் இருந்த ஒரு பழைய உறவு இருக்கிறது. ஒரு காலத்தில் மதராஸ் வியாபாரிகள் பாம்புத் தோலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். கைப்பை, பெல்ட், செருப்பு ஆக்குவதற்கு. வட தமிழகத்து இருளர்கள் பாம்பைப் பிடித்து, உரித்து, சொற்பக் காசுக்கு விற்றார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் ஏற்றுமதியும் 1976-இல் நின்றது. பிழைப்பு போன இருளர்களுக்காகப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. இங்கே பாம்பைக் கொல்வதில்லை. மண்பானையில் சில வாரம் வைத்து, நஞ்சைக் கக்க வைத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நாட்டின் நஞ்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இந்தச் சங்கம் தருவது. அதைச் சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். சங்கத்து உறுப்பினர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரே இனத்தின் நஞ்சும் இடத்துக்கு இடம் மாறும். ராஜஸ்தானில் இந்த மருந்து குறைவாக வேலை செய்வதாகப் புகார் உண்டு. வேலூர்க்காரருக்கு அந்தக் கவலை குறைவு, நஞ்சு பக்கத்து மாவட்டங்களுடையது.

இன்றைய ஆம்பூர்த் தோல், மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும். அங்கே தைத்த ஷூ ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறது. பாம்புக்கடியில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் விழுகின்றன. ஷூ கம்பெனி வேலை முடிந்து இருட்டில் வரப்பு வழியே வீடு திரும்பும் பெண்ணின் காலில் இருப்பது ரப்பர் செருப்பு. கடலைக் கொல்லையில் நிற்பவர் காலில் அதுவும் இல்லை. சேற்றில் ஷூ உதவாது, ஊறிக் கனத்துவிடும் என்பது நியாயமான பதில்தான். ஆனால் மானாவாரிக் கொல்லைக்கும் விறகு பொறுக்கும் குன்றுக்கும் இரவு நடைக்கும் கணுக்காலை மூடும் மலிவான தோல் காலணி போதும். ஊர் ஊராய் அளவெடுத்துத் தைக்கத் தெரிந்த வட்டாரம் இதை இன்னும் செய்யாமல் இருப்பது குறைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. 2030-க்குள் இறப்பைப் பாதியாக்கும் தேசியத் திட்டம் 2024 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

கடிபட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். வீக்கம் ஏறுமுன் மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, காலை அசையாமல் கிடத்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.யும் இருக்கின்றன, அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை: நான்குக்கும் மருந்து ஒன்றே.