ஸ்நான அறைக்குக் கண்ணாடிக் கதவு

குளிக்கும் அறைக்கு ஏற்கனவே ஒரு கதவு இருக்கும்போது அதற்குள்ளே இன்னொரு கதவு எதற்கு, அதிலும் கண்ணாடிக் கதவு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அன்னவாசலில் நம்மை அப்படிக் கேட்காதவர்கள் குறைவு. வற்றாத ஆறு பாயாத சீமை இது. மழை பெய்தால் கண்மாய், பொய்த்தால் கிணறு என்று தலைமுறை தலைமுறையாக வெட்டவெளியில் குளித்துப் பழகியவர்கள் நாம். பக்கத்துச் சித்தன்னவாசல் குகையின் விதானத்திலே, ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் தாமரைத் தடாகம் ஒன்றைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அன்னமும் மீனும் யானையும் மனிதரும் அதில் ஒரே தண்ணீரில் இருக்கிறார்கள். கதவைப் பற்றிய கவலை அவர்களில் ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

நமக்கு அந்தக் கவலை அத்தையினால் வந்தது. அத்தைக்கு வயது 78. இரண்டு வருஷங்களுக்கு முன்னால், ஸ்நான அறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மூன்று மாத காலம் பிறர் ஊட்டச் சாப்பிட்டார். இக்காலத்து வீடுகளில் குளிப்பதும் மற்றக் காரியங்களும் ஒரே அறைக்குள் நடக்கின்றன. ஷவரைத் திறந்தால் அறை முழுவதும் மழை. காலையில் ஒருவர் குளித்தால் மத்தியானம் வரையில் தரை உலருவதில்லை. ஈரத்தை ஒரு மூலையில் சிறை வைப்பதற்காகவே கண்ணாடியை நாடினோம். அழகெல்லாம் அப்புறந்தான்.

பிளாஸ்டிக் திரை மலிவு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. மலிவுதான். ஆனால் அது நனைந்தவுடன் உடம்பில் ஒட்டிக் கொள்ளும். அடி விளிம்பில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். தடுமாறுகிற முதியவர் முதலில் எட்டிப் பிடிப்பதும் அதைத்தான். பிடித்த கையோடு அதுவும் கீழே வந்துவிடும்!

அத்தை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஏப்பா, கண்ணாடி உடஞ்சு மேல விழுந்தா என்ன செய்யறது?"

நியாயமான கேள்வி. ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீண்ட துண்டுகளாகும். அதை ஸ்நான அறையில் மாட்டுவது மகா பாதகம். வாங்க வேண்டியது பதப்படுத்திய கண்ணாடி. கடைகளில் 'டஃபன்ட்' என்பார்கள். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, இரு புறமும் திடீரென்று குளிர்ந்த காற்றை ஊதுகிறார்கள். வெளித்தோல் முந்திக் கொண்டு இறுகிவிடுகிறது. உள்ளே பிந்தி ஆறுகிற பாகம் தோலை உள்ளுக்கு இழுத்தபடியே நிற்கிறது. அந்த இழுபறியே அதன் பலம். உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு சிறு மழுங்கிய சில்லுகளாகத்தான் உதிரும். இந்த விந்தை பழையது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்ட விட்டால் உண்டாகும் துளியை, 1660-ஆம் ஆண்டை ஒட்டி ரூபர்ட் இளவரசர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொண்டு போய்க் காட்டினார். அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுதும் தூளாகிவிடும். 1874-ல் பிரான்சில் டி லா பாஸ்தி என்பவர், காய்ச்சிய கண்ணாடியை எண்ணெயில் தோய்த்து உறுதியாக்கும் முறையைக் கண்டார்.

வாலைக் கிள்ளிய கதை நம் வீட்டிலும் நடக்க இருந்தது. கடையிலிருந்து வந்தவர் சுவரில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அளவெடுத்துப் போய்விட்டார். கண்ணாடி வந்து சேர்ந்தபோது அரை அங்குலம் அதிகம். "அரை அங்குலந்தானே, ஓரத்தைத் தேய்ச்சு எடுத்துடலாம்" என்று கொத்தனார் அரவை இயந்திரத்தை எடுத்து விட்டார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தோம். பதப்படுத்திய பிறகு அதை அறுக்கவோ துளைக்கவோ முடியாது. கீலுக்கு வேண்டிய துளைகளைக் கூடக் காய்ச்சுவதற்கு முன்பே போட்டாக வேண்டும். டைல்ஸ் ஒட்டி, தரைக்கு வாட்டம் கொடுத்து, சுவர் கோணலா நேரா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்த்த பிறகே அளவெடுக்க வேண்டும். கடைக்காரர் முணுமுணுத்துக் கொண்டே வேறு கண்ணாடி செய்து கொடுத்தார். மூலையில் ஐ.எஸ். 2553 என்னும் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்கினோம்.

இரண்டரை அடி அகலம், ஆறரை அடி உயரம், 8 மில்லிமீட்டர் கனம் உள்ள கதவு சுமார் 30 கிலோ இருக்கும். அவ்வளவும் இரண்டு கீல்களில் தொங்க வேண்டும். நம்முடையது சுண்ணாம்புக் காரை வைத்த பழைய சுவர், திருகாணி நிற்காது. ஆகவே அந்த இடத்தில் சுவரை இடித்துச் சிறு கான்கிரீட் தூண் வார்த்தோம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி வைத்தோம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும் அல்லவா? அத்தை பிடித்துக் கொள்ளச் சுவரில் தனியாக ஓர் எஃகுக் கம்பியும், உட்கார ஒரு முக்காலியும் உண்டு. கதவைப் பிடித்து எழுந்திருப்பது கூடவே கூடாது.

அபூர்வமாக, கண்ணாடிக்குள் அகப்பட்ட நிக்கல் ஸல்ஃபைடு துகளினால், யாரும் தொடாமலே கதவு வெடித்து உதிர்வதும் உண்டு. அத்தையிடம் இதை மறைக்கவில்லை. சில்லுகளைச் சிதறாமல் பிடித்து வைக்கும் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டிய பிறகே அவர் உள்ளே போகச் சம்மதித்தார்.

கதவு வந்து எட்டு மாதம் ஆகிறது. தரை உலர்ந்திருக்கிறது. சண்டையெல்லாம் இப்போது தண்ணீரோடுதான். நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறது. அந்தத் தண்ணீருக்காகவே கீல்களை 316 என்னும் ரகத் துருவேறா எஃகில் வாங்கினோம், விலை அதிகந்தான். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் பொட்டு விழாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற பிள்ளைகள் இழுக்க வேண்டுமே! விழுந்துவிட்ட பொட்டுக்குச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் போதும். சலவைக்கல் தரையில் மட்டும் அது சிந்தக் கூடாது; கல்லையே அரித்துவிடும். கம்பி நார் கண்ணாடியைக் கீறிவிடும்.

அத்தைக்கு வினிகரில் நம்பிக்கையில்லை. பித்தளைச் சொம்புக்குப் போடுகிற புளியைக் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, சனிக்கிழமை தோறும் முக்காலியில் உட்கார்ந்தபடி கதவின் கீழ்ப் பாதியைத் துடைக்கிறார். கீழ்ப் பாதி பளிச்சென்று இருக்கிறது. மேல் பாதி நம்முடைய பொறுப்பு.