நாலு விநாடி எரிந்து நூரும் நெருப்பு

தை மாதத்தில் ஸ்காபரோவில் வீடுகளைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ்களைத் திருத்துகிறவரின் கைபேசிக்கு வரும் முறைப்பாடுகள் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும்: "பத்துது, உடனே நூந்து போகுது." அப்படி ஒருவருடைய வானில் ஏறி இந்தக் குளிர்காலத்தில் சில வீடுகளின் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிப் பார்த்தேன். அண்ணை ஊரில் வோட்டர் பம் திருத்தியவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த தலைமுறை. இங்கே வந்து படித்து ஜி-2 சான்றிதழ் எடுத்திருக்கிறார். ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் உள்ளவர் மணிக்கு 4,00,000 பி.ரி.யு. வரையான எரிவாயுக் கருவிகளில் தனியாக வேலை செய்யலாம். கூட வந்த பெடியன் இன்னும் ஜி-3, மேற்பார்வையில்தான் கை வைக்கலாம்.

மல்வேர்ன் பக்கம் ஒரு பழைய வீடு. கதவைத் திறந்த அம்மா வீட்டுக்குள்ளேயே குளிர் ஜாக்கெட்டோடு நின்றார்.

"மூண்டு நாலு தரம் பத்தும் தம்பி, அவ்வளவு தரமும் நூந்திடும். பிறகு ஒரு மணித்தியாலம் பேச்சு மூச்சில்லை. திரும்ப அதே கூத்து."

கீழே போனதும் அண்ணை கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. ஃபர்னஸின் முன்தகட்டைக் கழற்றினார். தகட்டைக் கழற்றினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய சுவிச் ஒன்று அங்கே உண்டு. அதைப் பெடியன் கையால் அமத்திப் பிடிக்க, அண்ணை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் புகையை வெளியே இழுக்கும் சிறிய விசிறி சுழன்றது. காற்று ஓடுகிறது என்று அழுத்த சுவிச் 'டிக்' என்று ஒப்புதல் தந்தது. பற்றவைக்கும் இக்னைட்டர் மெல்லச் செம்மஞ்சளாகப் பழுத்தது. அரை நிமிடம் போல ஆனதும் காஸ் வால்வு திறக்க, நீலச் சுவாலை ஒரு பக்கத்துப் பேர்னரில் பிடித்து, வரிசையாகத் தாவி, கடைசிப் பேர்னரையும் தொட்டது. அழகாகத்தான் எரிந்தது. நாலைந்து விநாடியில் வால்வு மூடிக்கொண்டது.

"இக்னைட்டர் சரி, காஸ் சரி, நெருப்பும் சரி. நெருப்பு இருக்கெண்டது போட்டுக்குத் தெரியேல்லை. அவ்வளவுதான்" என்றார். போட் என்று அவர் சொன்னது ஃபர்னஸின் மூளையான கொன்ட்ரோல் போட். அதில் மினுங்கும் விளக்கின் கணக்கையும் தகட்டின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி பெடியனிடம் சொன்னார். அட்டவணையும் அதையே சொன்னது.

போட்டுக்கு நெருப்பைக் காட்டுவது ஒரு சின்னக் கம்பி. பென்சிலை விட மெல்லியது. வெள்ளைப் பீங்கான் கழுத்து, ஒரே ஒரு வயர், பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்குரூ. இக்னைட்டருக்கு எதிர்க் கோடியில், கடைசிப் பேர்னருக்கு முன்னால் நிற்கும். நெருப்பு அங்கே வந்துவிட்டால் நடுவில் உள்ள எல்லாப் பேர்னரும் பற்றிவிட்டன என்று அர்த்தம். அது வராமல் வால்வு திறந்தே கிடந்தால் எரியாத காஸ் உள்ளே தேங்கும். பிறகு ஒரு பொறி போதும். பைலட் என்ற சிறு நெருப்பு எப்போதும் எரிந்த பழைய ஃபர்னஸ்களில் இந்தக் காவலைத் தேர்மோகப்பிள் பார்த்தது. சூட்டில் சில பத்து மில்லிவோல்ட் பிறப்பிக்கும், சூடு ஆறினால்தான் வால்வை விடும். நெருப்பு நூந்த பிறகும் அது உணர அரை நிமிடம், சில வேளை அதற்கு மேலும் போகும். இந்தக் கம்பிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, விநாடிக் கணக்கில் சொல்லிவிடும்.

பலர் நினைப்பதுபோல இது சூட்டை அளப்பதில்லை. நெருப்பு தன் வழியாக மின்சாரத்தைக் கடத்தும், ஏனென்றால் எரியும் வாயுவில் மின்னூட்டமுள்ள துகள்கள் நிறைந்திருக்கின்றன. போட் கம்பிக்கு ஏசி மின்சாரம் அனுப்புகிறது. கம்பி சிறியது, எதிரே நிலத்தோடு இணைந்த பேர்னர் இரும்பு பெரியது. அந்த அளவு வித்தியாசத்தால் ஏசியின் ஒரு பாதி நன்றாகக் கடக்கும், மறுபாதி நொண்டும். மிஞ்சுவது ஒரு திசையில் மட்டும் ஓடும் மிகச் சிறிய டிசி. போட் தேடுவது அதைத்தான். மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் வயர் எங்காவது இரும்பில் முட்டினாலும் நெருப்பு இருப்பதாக ஏமாந்துவிடும். ஆனால் முட்டிய வயரில் ஏசி இரு திசையிலும் சமமாக ஓடும், போட் நம்பாது. நெருப்பால் மட்டுமே போடக்கூடிய கையெழுத்து அந்த ஒருதிசை டிசி. நான் பார்த்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் இவ்வளவு சிக்கனமானதும் இவ்வளவு புத்திசாலித்தனமானதும் வேறில்லை.

அண்ணை அந்தக் கம்பியின், அதாவது சென்சரின், வயரைக் கழற்றி, மீற்றரை இடையில் தொடராக மாட்டினார். டிசி மைக்ரோஅம்ப். ஓர் அம்பியரின் பத்து லட்சத்தில் ஒன்று. நெருப்பு பற்றியபோது எண் 0.4 என்று நின்றது, பிறகு நெருப்பு நூந்தது. நல்ல கம்பி பெரும்பாலும் 2 முதல் 6 வரை காட்டும் என்றார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் வால்வை மூட வேண்டும் என்பது போட்டுக்குப் போட் மாறும், ஆனால் 1க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

கம்பியை வெளியே எடுத்து என் கையில் தந்தார். பார்வைக்கு அழுக்கே இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் நுனியில் சாம்பல் வெள்ளையாக ஒரு மெல்லிய தோல் தெரிந்தது, யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணி கொதித்த கேத்திலின் அடியில் பிடிக்கும் படிவு மாதிரி. அது மின்சாரத்தைத் தடுக்கும். பெடியன் உப்புத்தாளை எடுக்க, அண்ணை தட்டிவிட்டார். முரட்டுத் தாள் கம்பியில் கீறல் போடும், கீறலில் அடுத்த படிவு இன்னும் கெதியாகப் பிடிக்கும் என்பது அவர் கட்சி. இந்தத் தொழிலில் இது தீராத வழக்கு. மெல்லிய உருக்குக் கம்பளியால் நாலு இழுவை, சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. கம்பளியின் இழை ஒன்றுகூடப் பீங்கானில் ஒட்டியிருக்கக் கூடாது. திரும்பப் பூட்டியபோது மீற்றர் 3.8 காட்டியது. நெருப்பு நின்று எரிந்தது.

நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணை பேஸ்மென்ட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இங்கை ட்ரைவோல் தேய்ச்சவையோ?"

"ஓம் தம்பி. வாடகைக்கு விட அறை போடினம்."

சுவர்ப் பலகையைத் தேய்த்த வெண்தூள் தரையெங்கும் கிடந்தது. அந்தப் பழைய ஃபர்னஸ் எரிவதற்கான காற்றைப் பேஸ்மென்ட்டிலிருந்தே இழுக்கிறது. தூள், பக்கத்தில் உள்ள உடுப்பு உலர்த்தும் மெசினிலிருந்து வருபவை, சிலிக்கோன் கலந்த ஸ்பிறேக்கள் எல்லாம் நெருப்புக்குள் போய்க் கம்பியில் படியும். தேய்ப்பு வேலை நடக்கும் நாட்களில் ஃபர்னஸை நிறுத்தச் சொல்லி, பில்டரையும் மாற்றினார். "கம்பியை ஆரும் துடைக்கலாம். ஏன் ஊத்தையானதெண்டு பாக்காட்டி, வாற மாசம் திரும்ப வரவேணும்" என்று பெடியனுக்குச் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.

ஏஜக்ஸில் ஒரு வீடு வேறு விதம். முன்பு வந்த ஒரு நிறுவனம் புதுச் சென்சர் போட்டு, அது சரிவராமல் இன்னொன்றும் போட்டு, இரண்டுக்கும் காசு எடுத்து, கடைசியில் ஃபர்னஸ் செத்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருந்தது. மீற்றரில் 0.6. கம்பியோ பளபளவென்று இருந்தது. அண்ணை கம்பியை விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் போனார். இந்தச் சுற்றின் மறுபாதி பேர்னர் இரும்பும் அதை நிலத்தோடு சேர்க்கும் வயரும். கசிந்த தண்ணீர் பட்டு, பேர்னர் தாங்கியும் நில இணைப்பின் ஸ்குரூவும் துருப்பிடித்திருந்தன. கசிவை நிறுத்தி, துருவைச் சுரண்டி, ஸ்குரூவை இறுக்கியதும் 3க்கு மேல் ஏறியது. ஒரு பாகமும் மாற்றவில்லை. சென்சர் சில பத்து டொலர் பெறுமதியான சாமான், புது ஃபர்னஸோ ஆயிரங்களில். இடையில் உள்ள அந்தப் பெரிய வெளியில்தான் இந்தத் தொழிலின் நேர்மையும் பித்தலாட்டமும் நடமாடுகின்றன. கதவைத் தட்டி ஃபர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்யவேண்டி வந்தது சும்மா அல்ல.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கம்பிக்கு நெருப்பு இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். அது நல்ல நெருப்பா, காபன் மொனொக்சைட் விடுகிறதா என்று தெரியாது. காற்றோட்டும் பெரிய விசிறி தொடங்கும்போது சுவாலை ஆடி, மீற்றர் எண்ணும் சேர்ந்து ஆடினால், வெப்பமாற்றியில் வெடிப்பு உண்டா என்று அண்ணை தேடுகிறார். 2008இல் வூட்ஸ்டொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் நாலு பேர் அந்த வாயுவால் இறந்த பிறகே, படுக்கையறைகளுக்கு அருகில் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்ற சட்டம் ஒன்ராறியோவில் வந்தது. உங்கள் வீட்டு எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைப் பார்த்தீர்களா?

வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: பில்டர், தெர்மோஸ்டாற், வெளிக்குழாயை மூடிய பனி. நெருப்பே வராவிட்டால் அவற்றைப் பாருங்கள். நெருப்பு வந்து நூந்தால் வீடியோ பார்த்து மூடியைக் கழற்றாமல், சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் துடைக்க முன் எத்தனை மைக்ரோஅம்ப், துடைத்த பின் எத்தனை என்று கேளுங்கள். இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மீற்றரே மாட்டாமல் ஃபர்னஸ் செத்துவிட்டது என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.