காரை மேட்டில் கல் வேட்டை

என் தாத்தா முயல் வேட்டைக்குப் போனவர். வலையும் தடியுமாக ஊர் ஆட்கள் நாலைந்து பேர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்களாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் ஊர்க்காரர்கள் காதில் விழச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அவருக்கு முழங்கால் போய்விட்டது. வலை குதிருக்குப் பின்னால் கிடந்து எலிகளுக்கு இரையானது. எனக்கு மிஞ்சியவை கதைகள் மட்டுமே. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் என் மகளும் (வயது 10) அக்காள் மகனும் (வயது 8) ஒரு பொங்கல் விடுமுறையில், தங்களையும் வேட்டைக்கு அழைத்துப் போகும்படி பிடித்துக்கொண்டார்கள்.

பெரம்பலூர்க்காரனுக்கு இதில் பெரிய சங்கடம் ஒன்றுமில்லை. ஓடாத, கத்தாத, ரத்தம் சிந்தாத இரை இங்கே ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடக்கிறது.

முதலில் சாத்தனூருக்கு அழைத்துப் போனேன். அது தவறு என்று இப்போது தெரிகிறது. சாத்தனூரின் கல்மரம் 18 மீட்டர் நீளம். 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்னது. நிலத்தில் வளர்ந்த மரம் வெள்ளத்தில் கடலுக்குப் போய், சேற்றில் புதைந்து, கல்லாகி, இன்றைய கடற்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது என்று நான் உணர்ச்சிவசப்பட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது, பையன் வேலிக்கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான். "இதைத்தான் ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டாங்களே மாமா" என்றான். நியாயம்தான். வேலி போட்டு, பலகை வைத்து, பெயரும் சூட்டப்பட்ட ஒன்றை யாரால் வேட்டையாட முடியும்?

மறுநாள் காலை காரைக்குப் போனோம். காரையிலிருந்து கொளக்காநத்தம் பக்கமாக விரியும் அந்த நிலத்தை முதன்முறை பார்ப்பவர்கள் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். மழை அரித்து அரித்து உண்டாக்கிய மேடுகளும் ஓடைகளும். புல் முளைக்கத் தயங்கும் களிமண். அதில் வெயில் பட்டுக் கண்ணாடிச் சில்லுகளைப் போல மின்னும் ஜிப்சம். கடலடிச் சேறு இது. கோண்டுவானா நிலம் பிளந்து கிழக்குக் கரை உருவான பிறகு கடல் உள்ளே வந்து தங்கிய காலத்துச் சேறு. ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடல் என்று சொல்லிவிடலாம் என்றால், இந்த இடம் அப்போது ஓரளவு ஆழமாகவே இருந்தது என்கிறார்கள் அறிந்தவர்கள். சித்திரை வெயிலில் இங்கே குழந்தைகளைக் கொண்டுவருவது கொடுமை. மழை பெய்துகொண்டிருக்கும்போது வந்தால் களிமண் செருப்போடு காலையும் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழை புதிதாகக் கழுவிவிட்டுப் போன நிலம் காய்ந்து கிடக்கும் தை மாதமே தோதானது. அதிலும் காலை வெயில். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு சிறு கல்லுக்கும் நிழல் விழும். இரையை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த நிழல்தான்.

அரை மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஓடினார்கள், மேட்டில் ஏறிச் சறுக்கினார்கள், சீமைக்கருவேல முள் குத்தி ஒருவன் அழுதான். எனக்கும் தாத்தாவின் வாக்கு ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது: நடக்கிறவன் கண்ணுக்குத் தடம் தெரியாது, உட்கார்ந்து பார். உட்கார வைத்தேன். இரண்டு கை அகலத்துக்கு மண்ணில் ஒரு கட்டம் கீறி, அதற்கு வெளியே பார்க்கக்கூடாது என்றேன். ஐந்தாறு நிமிடங்களில் பையன் கத்தினான்: "மாமா, துப்பாக்கி ரவை!"

அவன் சொன்னது பொருத்தமான உவமைதான். ஒரு முனை கூராக, தேன் நிறத்தில், பென்சில் துண்டு அளவில் ஒரு கல். பெலெம்னைட். கணவாய் மீனைப் போன்ற ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம். ஒன்றைக் கண்ட கண்ணுக்கு அடுத்தவை தாமாகத் தெரிந்தன. அந்த இடத்தைச் சுற்றி எத்தனையோ கிடந்தன. பெரியவர்களைவிடக் குழந்தைகள் இந்த வேட்டையில் தேர்ந்தவர்கள். அவர்கள் கண்கள் தரைக்கு அருகில் இருக்கின்றன என்பது ஒரு காரணம். தேடும்போது அவர்கள் வேறெதையும் யோசிப்பதில்லை என்பது இன்னொன்று.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி வேம்பின் அடியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு பொறுக்க வந்தீங்களா தம்பி? வண்டி வண்டியா அள்ளிக்கிட்டுப் போனாங்க. முன்ன மாதிரி இப்ப எங்க கெடக்குது" என்றார். பிறகு பிள்ளைகளை அருகே கூப்பிட்டு, ஓடையின் சரிவில் பாதி புதைந்திருந்த சுருள் ஒன்றைக் கோலால் சுட்டிக்காட்டினார். அம்மோனைட். பார்வைக்கு நத்தை, உறவில் கணவாய்க்கும் நெருக்கம். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இவையும் உலகைவிட்டுப் போயின. "இது நான் பாத்து ரொம்ப நாளாச்சு. எடுக்காம வுட்டு வெச்சிருக்கேன்" என்றார் ஆயா.

என் மகள் அதன்மேல் கை வைத்தாள். எடுக்கக்கூடாது என்றேன்.

"அப்புறம் இது என்னப்பா வேட்டை?"

இதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. விட்டுவைத்தால் பத்திரம் என்று சொல்ல முடியாது. அடுத்த மழையோ அடுத்த வண்டியோ கொண்டுபோகும். அரியலூரின் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதிக்கப்படுகிறது. விவாதம் தீராததற்குக் காரணம், தோண்டி எடுத்த எலும்புகள் நொறுங்கிப்போனதுதான். மிஞ்சியவை கோட்டுப்படங்களும் சில பழைய புகைப்படங்களும். இன்னொரு பக்கம், இதே நிலத்திலிருந்து கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1840களில் எடுத்துப்போன சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை நடந்து வரைபடமாக்கினார். ஸ்டோலிச்கா 1873 வரை வெளிவந்த பெருந்தொகுதிகளில் இவற்றின் உயிர்களை ஒவ்வொன்றாக விவரித்தார். எடுத்துச் சென்றவர்கள்தான், ஆனால் எங்கே எடுத்தார்கள் என்று எழுதிவைத்தவர்கள். ஊட்டத்தூர் அவர்கள் கையில் 'உத்தட்டூர்' ஆகிப்போனாலும், அந்தப் பெயரில்தான் ஒரு பாறைத் தொகுதியே இன்றும் அறியப்படுகிறது. எந்த அடுக்கில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பதோடு சேர்ந்தால்தான் அது சான்று. அந்தச் செய்தி போய்விட்டால், மேசைமேல் காகிதம் பறக்காமல் வைக்கும் கனம்.

இதை நான் தைரியமாகச் சொல்வதற்கு ஒரு வெட்கமான காரணம் உண்டு. என் வீட்டு அலமாரியிலும் உள்ளங்கை அளவு அம்மோனைட் ஒன்று இருக்கிறது. 1987இல், பன்னிரண்டு வயதில், சைக்கிளில் சுற்றித் திரிந்து ஒரு ஓடையில் பெயர்த்தெடுத்தது. பெயர்க்கும்போது விளிம்பு உடைந்தது. எந்த ஊர், எந்த ஓடை? காரையா, குன்னம் பக்கமா, கருடமங்கலமா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. வருபவர்களிடமெல்லாம் எடுத்துக்காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எனவே ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அம்மோனைட்டின் அருகே பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தோம். மகள் நோட்டில் அதை வரைந்தாள். சுருளின் வரிகளை எண்ணும்போது இரண்டு முறை எண்ணிக்கை மாறியது. வேம்பிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் திசை என்று குறித்துக்கொண்டாள். ஆயா இதையெல்லாம் ஒரு புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வண்டியில் ஏறுமுன் அவன் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன், ஏழு ரவைகள். திரும்பப் போய்க் கட்டத்துக்குள் கொட்டிவிட்டு வந்தான். ஆறைத்தான் கொட்டினான் என்று அக்காள் பிறகு தொலைபேசியில் சொன்னாள்.

அன்றிரவு அலமாரியைத் திறந்தபோது என் அம்மோனைட்டின் அடியில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகளின் கையெழுத்து.

"பெயர்: அம்மோனைட். எடுத்தவர்: அப்பா. வருடம்: 1987. இடம்: அப்பாவுக்குத் தெரியாது."