மறைவாய் ஏற்றும் ஊசி

நிலாவெளியில் நாம் அறிந்த குடும்பங்கள் சிலவற்றில், பிள்ளைப்பேற்றிற்காக ஓமோன் ஊசி ஏற்றிக்கொள்ளும் மருமகள், மாமியார் அறியாதபடியே ஏற்றிக்கொள்கிறாள். "மலடி" என்னும் சொல்லுக்கு அத்துணை அச்சம்!

அவ்வூசியின் பிறப்பை அறிந்தால் மாமியாரே வியப்பார். மாதவிலக்கு நின்ற பெண்களின் சூலகம் ஓய்ந்துவிட, அதனைத் தூண்டும் பொருட்டுக் கபச்சுரப்பி மேன்மேலும் சுரக்கின்றது; முட்டையை முதிர்விக்கும் அந்த ஓமோன் சிறுநீரில் மிகுதியாய் வெளியேறுகின்றது. தொடக்கத்தில் இத்தாலிய மடங்களிலிருந்த முதிய கன்னியாஸ்திரிகளின் சிறுநீரிலிருந்தே அது பிரித்தெடுக்கப்பட்டது. துறவியர் தந்த பிள்ளைவரம் என்போமா? 1962இல் இஸ்ரேலில் அதன் பயனாய் முதற் குழந்தை பிறந்தது. இன்று ஆய்வுகூடத்தில் ஆக்கப்படும் ஓமோனும் உண்டு. மூத்த பெண்களிடமிருந்து பெறுவதும் ஒழிந்துவிடவில்லை.

மறைவும் பழியும் இச்சிகிச்சையை நெடுகத் தொடர்ந்தே வந்துள்ளன. இங்கிலாந்தில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978 யூலை 25ஆம் நாள். அங்கு பயன்பட்டது ஊசியின்றி இயல்பாய் முதிர்ந்த ஒரே முட்டை. அடுத்த 70ஆம் நாளில் கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாய் இவ்வோமோனைக் கொண்டு பல முட்டைகளை முதிர்வித்தே அதனைச் சாதித்தார். இன்று உலகெங்கும் வழங்குவது பெரும்பாலும் அம்முறையே. ஆனால் அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தையின் பெற்றோரோ ஊராருக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. துர்கா தம்மை வெளிப்படையாய் அறிவித்தது 2003இல். அப்போது அவருக்கு வயது 25.