வெயிலும் வெண்பன்றியும்

பன்றி வளர்ப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்றும் கேட்டார்கள். எங்கள் பைராம் தோட்டம் நிபோங் திபாலில் இருக்கிறது. அதே தென் செபராங் பிறை மாவட்டத்தில், சுங்கை பாக்காப் பக்கம், பன்றிப் பண்ணைகளுக்குப் பேர்போன வால்டோர் உள்ளது. என் தாய்மாமாவுக்குப் பல ஆண்டுகளாக அங்கேதான் வேலை. ஆகவே எனக்கு இது சிரிப்புக்குரிய தலைப்பன்று.

"பன்னிக்கு வேர்க்காதுப்பா. மத்தியானம் தீனி போட்டா மோந்து பார்த்துட்டுப் படுத்துக்கும். காலையில போடணும், இல்லன்னா பொழுது சாயப் போடணும்" என்பார் மாமா. பல்கலைக்கழகத்தில் விலங்கு உடலியல் படித்தபோது இதையே வேறு சொற்களில் கண்டேன். பன்றியின் வியர்வைச் சுரப்பிகள் உடற்சூட்டைத் தணிக்க உதவுவதில்லை. வளர்ந்த பன்றிக்கு ஏறக்குறைய 18 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பமே உகந்தது. நம் நாட்டுப் பகலோ 32-ஐ எட்டிவிடும். தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கிறது. அதனால்தான் அது உண்பதைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ மூன்று கிலோ தீவனம் வேண்டும். பண்ணைச் செலவில் பெரும்பங்கும் தீவனத்துக்கே. உண்ணாத பன்றி வளர்வதில்லை, வளராத பன்றியோ முதலாளிக்குச் சுமை. சேற்றில் புரள்வதைக் கண்டு அழுக்குப் பிராணி என்கிறோம். பாவம், அது தேடுவது குளிர்ச்சியை!

இறைச்சியின் கதையும் இதுவே. அறுப்பதற்கு முன் அடித்து விரட்டி மிரட்டினால், தசையிலுள்ள கிளைக்கோஜன் விரைவாக லாக்டிக் அமிலமாகிறது. உடற்சூடு ஆறுவதற்குள் அமிலம் ஏறினால் புரதம் சிதைந்து, இறைச்சி வெளுத்துத் தளர்ந்து நீர் கசியும். லோரியில் ஏற்றும்போது தடியை எடுக்கக்கூடாது, பலகையால் மறித்தே ஓட்டவேண்டும் என்பது மாமாவின் பண்ணையில் கட்டளை. முதலாளிக்கு இரக்கமா, இலாபமா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

எல்லாப் பண்ணையிலும் இரண்டும் ஒன்றாக இருந்ததில்லை. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி மருந்து புகைத்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் அடங்கவில்லை. விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளைத் தொட்டு வேலை செய்த ஆண்கள். சீனர்களே மிகுதி, இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். விற்ற பன்றிகளோடு நோயும் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக்கிற்குப் பயணப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். அவர்களில் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன.

கிருமி வந்தது பழந்தின்னி வௌவாலிடமிருந்து. முதலில் நோய் கண்ட பண்ணையில் 30,000-க்கும் மேற்பட்ட பன்றிகள். கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள். ஒரே நிலத்தில் இரட்டை வருமானம்! கணக்குப் புத்தகத்தின்படி அதைவிடத் திறமையான பண்ணை உண்டா? வௌவால் கடித்த பழம் கொட்டகைக்குள் விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குட்டிகள் ஓயாமல் பிறந்துகொண்டிருந்ததால் கிருமிக்குப் புதிய உடல்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. சிறிய பண்ணையாக இருந்தால் நோய் தானே அணைந்திருக்கும்.

பினாங்கு அரசு 2016-இல் பன்றி வளர்ப்புச் சட்டம் இயற்றி, திறந்த கொட்டகைகளை மூடிய நவீனக் கொட்டகைகளாக்கச் சொன்னது. ஒரு பக்கம் ஈர அட்டைச் சுவர், மறுபக்கம் பெரிய விசிறிகள். காற்று குளிர்ந்து வரும். வௌவாலும் பறவையும் வரா. நாற்றத்துக்காக வந்த சட்டம் என்றே ஊரார் நினைக்கிறார்கள். அக்குளிர்ச்சியில் பன்றி மத்தியானத்திலும் உண்கிறது என்பது மாமா சொல்லித்தான் தெரியும். மாற்றுவதற்கான செலவோ சிறு பண்ணைக்காரர்களின் கழுத்தை நெரிக்கிறது.

2023 ஜனவரியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பினாங்குக்கும் வந்தது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் சப்பாத்திலும் லோரிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு பண்ணைவிட்டுப் பண்ணை போகும். அதைத் தடுக்கப் பண்ணையில் கட்டுப்பாடு வேண்டும். மாமா இப்போது வாசலிலேயே குளித்து, உடையும் சப்பாத்தும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார். அம்மாவிடம் யாராவது அவர் வேலையைப் பற்றிக் கேட்டால், "வால்டோர்ல" என்று மட்டும் சொல்வார்.